நத்தம் வண்டிக்குத் தனிப் பலகை

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும். சௌந்தரம் அம்மையார் சென்னையில் காலமானார் என்ற தந்தி திங்களன்று எங்கள் பஸ் கம்பெனிக்கு வந்தது. மாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் எழுந்து, "வண்டிக்கு வண்டி சொந்தத் தகடு மாட்டுற ஏற்பாடு நான் போட்டது. அந்தம்மா நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு.

அம்மையார் கணிதப் பட்டம் பெற்று டைம் ஆபீசில் சேர்ந்தபோது நான் அங்கே குமாஸ்தா. சுவரில் வண்டிக்கு ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு தகரத் தகடு. ஒரு தகடு என்றால் வண்டி போய்வரும் ஒரு நடை. ஊரும் நேரமும் அதில் இருக்கும். நத்தத்துக்கு ஒன்றாகக் கிளம்பும் இரண்டு வண்டிகளில், இரண்டாவதன் பலகையில் மேனேஜர் தகடே மாட்டவிடவில்லை. 'முதல் வண்டியைப் பார்' என்று சாக்பீஸால் எழுதிவைத்தார்.

மாம்பழக் காலத்தில் ஒரு நாள், முதல் வண்டியின் மதிய நடையை மட்டும் செம்பட்டிக்கு மாற்றச் சொன்னார். அம்மையார் தகட்டை மாற்றினார். இரண்டாவது டிரைவரும் அதே தகட்டைப் பார்த்துச் செம்பட்டிக்கே போய்விட்டார். நத்தத்தில் ஜனம் கூடைகளோடு வெயிலில் காய்ந்தது.

"இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்று மேனேஜர் அம்மையார் மேல் பாய்ந்தார்.

அம்மையார் தகரம் வெட்டும் கத்திரியை எடுத்து, இரண்டாவது பலகைக்கும் தகடுகள் வெட்ட ஆரம்பித்தார்.

"ரெண்டுலயும் ஒரே எழுத்துத்தானம்மா? எதுக்கு ரெண்டு தகடு?" என்றார் மேனேஜர்.

"ரெட்டப் புள்ளைக பொறந்தா ஒரே சட்டைக்குள்ளயா ரெண்டையும் திணிப்பீக? எழுத்து ஒண்ணா இருக்கட்டும் சார். தகடு அததுக்குச் சொந்தமா இருக்கணும்."

டிரைவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் மறுபடியும் செம்பட்டிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அம்மையாரின் வேலையே அந்த ஆணியில் தொங்கியது. முதல் பலகையில் ஒரு தகட்டை மாற்றினார். முதல் வண்டி செம்பட்டிக்குப் போனது. இரண்டாவது நத்தத்துக்குப் போய், கூரை நிறையக் கூடைகளோடு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "எக்கா, ஜெயிச்சுட்டீக!" என்று கத்தினார். ஷெட்டே விசிலடித்தது. அந்த வாரமே, ஜோடியாகக் கிளம்பும் எல்லா வண்டிகளுக்கும் சொந்தத் தகடுகள் வந்தன. முதலாளி பார்க்க வந்தபோது முன்னால் போய் நின்றவர் மேனேஜர். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு அம்மையார் சென்னையில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலைக்குப் போனார். ஒரு லீவில் வந்தபோது அவரே சொன்னார்:

"அங்க பஸ் டயத்துக்குத்தான் புரோகிராம் எழுதுறோம். அங்கயும் நம்ம பலகைதான். பஸ்ஸுன்னா அதோட நடை அம்புட்டும் அதுக்குள்ளயே வரிசையா இருக்கணும். ஒருத்தர் தனித்தனியா வைக்காம எல்லா பஸ்ஸுக்கும் ஒரே வரிசையக் காட்டிட்டாரு. ஒண்ணத் தொட்டா எல்லாம் மாறுது! நத்தம் வண்டிக் கதையச் சொன்னேன். அன்னைக்கே சரியாப்போச்சு. இப்ப அந்த ஆபீசுல அந்தத் தப்புக்குப் பேரே நத்தம் வண்டி!"

இன்று காலை ஷெட்டுக்குப் போனேன். நத்தம் பலகைகள் இரண்டும் அடுத்தடுத்துத் தொங்க, காற்றில் அதனதன் தகடுகள் கலகலத்தன.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். என் பெயரைப் போட்டால் எனக்கும் மேனேஜருக்கும் உள்ள சண்டையாகிவிடும். வென்றவர் நீங்கள், அம்மையாரே. போய் வாருங்கள். உங்கள் பலகையில் இன்னொருவர் தகடு தொங்க வேண்டாம், என்னுடையதும்கூட. கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.