வசம்பு விற்ற ரஞ்சிதா

எருமப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் ரஞ்சிதாவை முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் கொஞ்சம்தான். குரலைக் கேட்டால் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, மைக் பிடித்துத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பஸ்ஸுக்கு நடந்து போகிறவர்கள்கூட அந்தக் குரலுக்கு ஒரு நிமிஷம் நின்று, என்னதான் இருக்கிறதென்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

கணவன் காளிதாஸ் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். ஊரில் சும்மா இருக்க ரஞ்சிதாவுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் காட்டில் விளைந்த கடலையை மண்டிக்கு அனுப்பிவிட்டு, எங்கிருந்தோ வந்த பாக்கெட் எண்ணெயை வாங்கித் தாளிக்கிற அக்கம்பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை. பழைய சரக்கு ஆட்டோ ஒன்றை வாங்கி, அதன் கூரையில் ஒலிபெருக்கி கட்டினாள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, சாமை, கொல்லிமலை மிளகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். "நம்ம காட்டுல வெளஞ்சது, நம்ம ஊட்டுக்கே வருதுங்க" என்று அவள் குரல் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும்.

வியாபாரம் சூடு பிடித்தது. வாங்க வந்த பெண்கள் சளிக்கு என்ன இருக்கிறது, வயிற்றுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அதனால் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையிலிருந்து சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு எல்லாம் வாங்கி வந்தாள். பொட்டலம் கட்டும்போது கடைக்காரர் எது எதற்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே போனார். அதை அப்படியே ஒலிபெருக்கியில் ஓடவிடத் தன் குரலில் பதிவு செய்துகொண்டாள். பச்சைக் குழந்தை அழுதால் வசம்பை உரசி நாக்கில் தடவுங்கள் என்பதும் அதில் ஒன்று.

போன தை மாதம் ஒரு முற்பகல், எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வண்டி நுழைந்தபோது ஒருவன் நடுரோட்டில் ஓடிவந்து கையை விரித்து மறித்தான். சபரிநாதன் என்று பெயர், கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவன். அவன் பின்னாலேயே மனைவி தனப்பிரியா துணியில் சுற்றிய கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை விடியலிலிருந்து அழுதிருக்கிறது. ரஞ்சிதாவிடம் வாங்கிய வசம்பை உரசிக் கொடுத்திருக்கிறார்கள். அழுகை அடங்காததால் மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வாந்தி எடுத்து, துவண்டு, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்களின் காதில்தான் ஒலிபெருக்கிச் சத்தம் விழுந்திருக்கிறது.

ரஞ்சிதா ஒலிபெருக்கியை அணைத்தாள். தனப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சபரிநாதன் பின்னால் ஏறி எண்ணெய் டின்களுக்கு நடுவே நின்றுகொண்டான். வண்டி நாமக்கல் ரோட்டைப் பிடித்தது.

தனப்பிரியா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள். பாதி வழியில், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"அக்கா, உங்க கொழந்தைக்கு இதக் குடுத்திருக்கீங்ளா?"

ரஞ்சிதாவுக்குக் குழந்தை இல்லை. கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தைரியம் வரும் என்று தோன்றியது. ஆனால் வாய் வரவில்லை.

"இல்லீங் கண்ணு. எனக்குக் கொழந்தையே இல்ல. கடையில சொன்னாங்க, அத நான் மைக்குல சொன்னேன். அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்."

தனப்பிரியா துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சீக்கிரம் ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது சபரிநாதன் தடுமாறினான். ரஞ்சிதா வண்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். வித்தது நான்தான் என்றாள். டாக்டரம்மா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கைக்குழந்தைக்கு இதை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது ரஞ்சிதாவுக்கு. வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றவள் அங்கிருந்து நகரவே இல்லை. சபரிநாதன் டீ வாங்கி வந்து நீட்டியதை மறுக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

மதியம் தாண்டி, உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. முதலில் பூனைக்குட்டிபோல மெல்லியதாக, பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி. தனப்பிரியா கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். கன்னமெல்லாம் ஈரமாக இருக்க, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பால் குடிக்குதுங்க்கா" என்றாள்.

ரஞ்சிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, கூச்சப்படாமல் அழுதாள்.

மறுநாள் பழைய பதிவை அழித்தாள். அந்த வாரம் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசம்பு வாங்கியவர்கள் குழந்தைக்கு வாயில் கொடுக்க வேண்டாம், தெரியாமல் சொல்லிவிட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று மைக்கில் நேரடியாகவே பேசிக்கொண்டு, முன்பு போன ஊர்களுக்கெல்லாம் போனாள். சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இதில்தான் வளர்ந்தார்கள் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அவர்களிடமும் சொன்னாள். இனி உன்னிடம் எதுவுமே வாங்க மாட்டோம் என்றவர்களும் உண்டு. கொஞ்ச நாள் வியாபாரம் படுத்துத்தான் கிடந்தது. மெதுவாக எழுந்தது. வைத்தியம் சொல்வதை மட்டும் அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

சபரிநாதன் வீட்டுத் தெருவில் நுழைய மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்விடுவாள். ஆனியில் ஒருநாள் தனப்பிரியாவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றாள். அரை லிட்டர் கடலை எண்ணெய் கேட்டாள். எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்றும் கேட்டாள்.

ரஞ்சிதா குனிந்து டின்னின் மூடியைத் திறந்தாள். எண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பார்த்தாள். கன்னம் உப்பி, கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. கை தானாக வண்டியிலிருந்த எள்ளுருண்டை ஒன்றை எடுத்துக் குழந்தைப் பக்கம் நீட்டியது.

தனப்பிரியா சிரித்தபடி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு வயசு ஆகட்டுமுங்க்கா. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"ஆமாங் கண்ணு, ஆமாங்க" என்று சொல்லி, ரஞ்சிதா அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.