ஜெய்தூன் பீவி திரும்பக் கேட்ட பொட்டலங்கள்

நாகல் நகரில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் முதலில் நினைவுக்கு வருவது டாக்டர் அல்ல, ஜெய்தூன் பீவிதான். சுக்கு, மல்லி, மிளகு, திப்பிலி, ஏலம் எல்லாம் சேர்த்து அவள் போடுகிற சுக்குமல்லிப் பொடிக்குத் திண்டுக்கல்லில் அப்படியொரு பேர். பழைய பேப்பரில் மடித்த கூம்புப் பொட்டலம், மேலே வாழைநார்க் கட்டு, அவ்வளவுதான். லேபிள், விளம்பரம் ஒன்றும் கிடையாது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடித்தால் நெற்றி வேர்க்கும், மூக்கு திறக்கும், நாலு நாளாகக் குரல் கட்டிக் கிடந்த மாமியார் மறுபடியும் மருமகளை வைய ஆரம்பித்துவிடுவாள்.

பேர் வாங்கித் தந்தது பொடி மட்டுமல்ல, அவள் வாயும்தான். பொட்டலம் வாங்க வந்தவர்களுக்குப் பொட்டலத்தோடு ஊர்ச் சங்கதி முழுவதும் இலவசம். அவள் வாய் சும்மா இருந்ததைத் தான் பார்த்தது நிக்காஹ் அன்றைக்கு ஒரு தடவைதான் என்று அவள் புருஷன் ரஹ்மத்துல்லா சொல்வார். அவர் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் மேஸ்திரி. பேசுகிற வேலையை எல்லாம் அவளிடம் விட்டுவிட்டுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. பொடி கலந்து முடித்ததும் முதல் சிட்டிகை அவள் நாக்குக்குத்தான் போகும். கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டுவாள். மிளகு தூக்கலா, சுக்கு பழசா என்று நாக்கு சொல்லிவிடும். அது தலையாட்டிய பிறகுதான் பொட்டலம் மடிப்பாள். வருஷக்கணக்காக இதில் ஒரு நாளும் பிசகினதில்லை.

பிசகினது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம். அந்த வருஷம் மார்கழிப் பனியும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்தன. பனி வந்தால் ஊரே சுக்குமல்லி கேட்கும். நோன்பு வந்தால் ஜெய்தூன் பீவி பகலில் எச்சில் விழுங்கவே யோசிப்பாள். நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பக்கத்து வீட்டு காதர் பீவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். ஜெய்தூன் பீவி கேட்கவில்லை. மற்ற வருஷங்களில் நோன்பு மாதத்தில் பொடியே போடமாட்டாள். இந்தத் தடவைதான் இருமல் சத்தம் தெருவெல்லாம் கேட்கிறதே என்று மனசு இளகிப் போட்டாள். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான் சில சமயம் ஆளைக் கவிழ்க்கிறது.

சுக்கு மட்டும் கையால் இடிக்க முடியாது, மில்லுக்குப் போக வேண்டும். அன்றைக்கு ரஹ்மத்துல்லாவும் மில்லுக்குப் போகிற ஜோலியில் இருந்தார். தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த பிறகு கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட வேண்டும், அப்போதுதான் நிறம் நிற்கும். மெட்ராஸ் வியாபாரிக்கு மாதிரி காட்டுகிற ஆட்டுத்தோலுக்கு அவர் யார் அரைத்த கடுக்காயையும் நம்பமாட்டார், தானே வாங்கித் தானே அரைப்பார். ஆகவே வீட்டிலிருந்த இரண்டு தகர டின்னில் ஒன்றில் சுக்கு, ஒன்றில் கடுக்காய். சைக்கிள் ஹேண்டில் பாரில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

"வலக்கைப் பக்கம் உன்னுது" என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். அதில் தப்பில்லை. அரைத்து வாங்கி மறுபடி மாட்டியபோது எது எந்தப் பக்கம் போனது என்பதுதான் அல்லாஹ்வுக்கே வெளிச்சம். வீட்டுக்கு வந்ததும் வலக்கைப் பக்கத்து டின்னை அவளிடம் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

கண் என்ன செய்தது, மூக்கு என்ன செய்தது என்று கேட்பீர்கள். இரண்டு பொடிக்கும் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனால் பார்க்க வேண்டுமே. தோல்ஷாப்பு மேஸ்திரி வீட்டில் கடுக்காய் வாசனை எப்போதும் இருப்பது, அது தனியாகத் தெரியாது. போதாததற்கு அவள் அப்போதுதான் மிளகு இடித்துத் தும்மித் தும்மி ஓய்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய நாக்கோ நோன்பில் இருந்தது.

நோன்பு திறப்பதற்குள் பொட்டலங்கள் எல்லாம் தீர்ந்துபோன வேகத்தில் ஊறவைத்த அரிசியை அரைக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பூக்காரி மாயம்மாளும் வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். மாயம்மாளுக்கு ஊர் வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் சேவுகம்பட்டி. சொந்தக் கொல்லையில் விளைகிற கனகாம்பரத்தைக் கூடையில் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வருகிறவள். ஜெய்தூன் பீவிக்கு அவள் பல வருஷத்துச் சிநேகிதி.

"எம் மருமகளுக்குத்தான் பீவி. ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் வயித்துல தங்கியிருக்கு. மூணு மாசமாச்சு, எதைத் தின்னாலும் குமட்டுதுங்கிறா. உன் பொடியைக் காச்சிக் குடுத்தாக் கேக்கும்னு தோணுச்சு."

"தாராளமாக் குடு மாயக்கா. சுக்கு குமட்டலுக்கு நல்லது. நான் சொன்னேன்னு சொல்லிக் குடு" என்றாள் ஜெய்தூன் பீவி.

ஒரு வாரம் போனது. மிளகுக் காரமும் கருப்பட்டி இனிப்பும் மூடிவிட்டதாலோ என்னவோ, ருசி மாறியதாக யாரும் வந்து சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் ரஹ்மத்துல்லா வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு ஆட்டுத்தோல். அதை அவள் முன்னால் விரித்துப் போட்டார்.

"மோந்து பாரு."

"ஏங்க, நோன்பு நேரத்துல தோலை மோந்து பாக்கச் சொல்றீகளே?"

"மோந்து பாருங்கறேன்ல. முதலாளி கேக்குறாரு, ஆட்டுக்குச் சளியா, கசாயம் வச்சுக் குடுத்தீகளான்னு."

மோந்து பார்த்தாள். சுக்கு வாசனை கும்மென்று வந்தது. அவள் சிரிக்கப் போனவள், வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டாள். உள்ளே ஓடிப்போய் டின்னின் அடியில் ஒட்டியிருந்த பொடியை விரலால் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சள் கலந்த பழுப்பு. தோல் சுக்கில் முங்கியிருக்கிறது என்றால் ஊர் கடுக்காயைக் குடித்திருக்கிறது.

"வலக்கைப் பக்கம் உன்னுதுன்னு சொன்னேன்ல" என்றார் ரஹ்மத்துல்லா, அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வாக்கியத்தை. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "கடுக்காய் விசமில்ல புள்ள. நாலு பேருக்கு வயிறு போயிருக்கும், அம்புட்டுத்தான். சும்மா இரு. யாருக்கும் தெரியாது" என்றார்.

"பொன்னழகுக்கு?"

மாயம்மாளின் மருமகள் பேர் அது. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குக் கடுக்காய் ஆகாது என்பது அந்தத் தெருவில் எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். கரு தங்காது என்று பயப்படுவார்கள். ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய மாயம்மாளின் முகம் அவள் கண்முன் வந்து நின்றது.

"நான் சேவுகம்பட்டிக்குப் போறேன். நீங்க தப்பட்டைக்காரரைக் கூப்பிட்டுத் தண்டோரா போடுங்க. ஒரு பொட்டலம் வெளிய இருக்கக்கூடாது."

"தண்டோராவா? நம்ம மானம் போயிரும்டி."

"போனாப் போகட்டும். நம்ம மானம் குமட்டலெடுத்தா கெடக்குது?"

அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு முக்கு திரும்புவதற்குள் தப்பட்டைச் சத்தம் கேட்டது. ரஹ்மத்துல்லா பேசமாட்டாரே தவிர சொன்னதைச் செய்துவிடுவார். தப்பட்டைக்காரரோ சொன்னதோடு நிற்கிற ஆள் இல்லை. "மேஸ்திரி வீட்டுச் சுக்குமல்லிப் பொடியில கடுக்காய் கலந்துபோச்சு சாமியோவ். குடிச்சா வயிறு கழியும், குடல் அலசும், நாள்பட்ட மலக்கட்டெல்லாம் உடைஞ்சு ஓடும். யாரும் குடிக்காம உடனே திருப்பிக் குடுத்திருங்க" என்று ராகம் போட்டு அடித்துக்கொண்டு போனார்.

பொட்டலத்தைத் திருப்பிக் கேட்கிற விளம்பரத்தில் இப்படியொரு ஆபத்து இருப்பதை ஜெய்தூன் பீவி யோசிக்கவில்லை. முதலில் பலசரக்குக் கடை வேலுசாமி கல்லாவை விட்டு இறங்கி வந்து வழியை மறித்தார்.

"ஊருக்கே கடுக்காய் குடுத்துட்டீகளேம்மா" என்றார், ஆனால் முகத்தில் கோபம் இல்லை, மினுமினுப்புதான் இருந்தது. "எத்தனையோ வருசமா எனக்கு இப்படி ஒரு காலைப்பொழுது விடிஞ்சதில்ல. பொட்டலத்தைக் கேட்டு யாரும் எங் கடை வாசல்ல ஏறிரக்கூடாது, சொல்லிப்புட்டேன். இன்னும் ரெண்டு இருந்தாக் குடுங்க."

"இல்லண்ணே, அது தப்பான சரக்கு. வழியை விடுங்க, பஸ் போயிரும்."

"சரக்கு தப்பு, ஆனா வேலை சரியாச் செய்யுதே."

அவரை விலக்கிவிட்டு நடந்தால் அடுத்த வாசலில் ஒரு பெரியவர், அதற்கடுத்த வாசலில் அவருடைய தம்பி. அதுவரை அவளிடம் பொடியே வாங்கியிராதவர்கள் எல்லாம், அந்த வாரத்துப் பொடி கிடைக்குமா என்று கேட்டார்கள். உண்மையில் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் இவர்கள் கூட்டத்துக்குள் புகமுடியாமல் ஓரமாக நின்றார்கள். "எல்லாத்தையும் மேஸ்திரிகிட்டக் குடுங்க, குழியில கொட்டி மூடச் சொல்லியிருக்கேன்" என்று கத்திவிட்டு ஓடினாள். கடுக்காய் வேண்டுமென்றால் நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்கலாம், அது யோக்கியமான வழி. சுக்கு என்று சொல்லிக் கடுக்காயைக் கொடுப்பது அவளால் முடியாது, எத்தனை பேர் கும்பிட்டுக் கேட்டாலும் முடியாது.

கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினாள். வழிநெடுக அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வெயிலைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, இது பேசாத ஜென்மம் போலிருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திண்டுக்கல்லில் யாராவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். நான் சொன்னேன்னு சொல்லிக் குடு என்று தான் சொன்னதுதான் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வத்தலக்குண்டில் இறங்கி, சேவுகம்பட்டிப் பக்கம் போன ஒரு மாட்டுவண்டியில் கெஞ்சி ஏறிக்கொண்டாள்.

மாயம்மாள் வீட்டில் இல்லை, பூக்கொல்லைக்குப் போயிருந்தாள். பொன்னழகு வாசலில் உட்கார்ந்து புளியங்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தாள்.

"ஏத்தா, நல்லாருக்கியா? வயித்துல வலி கிலி உண்டா? அந்தச் சுக்குப் பொடியைக் குடிச்சியா? எத்தனை நாள் குடிச்ச?" ஓடி வந்த மூச்சு அடங்குவதற்குள் எல்லாவற்றையும் கேட்டு, நடந்ததையும் சொல்லிவிட்டாள்.

பொன்னழகு தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் குடிக்கலக்கா. அத்தை ஆத்திக் குடுத்துட்டு அந்தப் பக்கம் போனதும் வாழைத்தூருல ஊத்திருவேன். அந்த வாசனையே ஆகல. அத்தைகிட்டச் சொல்லிராதீக, பாவம், மனசு விட்டுப்போயிருவாக."

ஜெய்தூன் பீவி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அல்லாஹ், அல்லாஹ் என்று நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள். தன் பொடியை ஒருத்தி மண்ணில் ஊற்றினாள் என்று கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லமாட்டேந்தாயி, சத்தியமாச் சொல்லமாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாயம்மாள் மடியில் பூவோடு வந்து சேர்ந்தாள். சிநேகிதியைப் பார்த்து மலர்ந்த முகம், விஷயத்தைக் கேட்கக் கேட்க வெளுத்தது. பூ மடியிலிருந்து சரிந்தது.

"எங் கையால ஆத்தி ஆத்திக் குடுத்தேனே. பீவி போட்ட பொடி, நம்பிக் குடின்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேனே. என் குலத்தை அழிக்கவா உன்னைச் சிநேகிதம் புடிச்சேன்?"

ஜெய்தூன் பீவி வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு வார்த்தை சொன்னால் மாயம்மாளின் அழுகை நின்றுவிடும். ஆனால் இந்தப் பெண்ணுக்குச் சத்தியம் கொடுத்து இன்னும் கை சூடு ஆறவில்லை. 'அவ குடிச்சா ஒண்ணும் ஆகாது மாயக்கா' என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் நோன்பு வாய். வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வசவை எல்லாம் வாங்கிக்கொண்டாள். மாயம்மாள் லேசில் விடுகிறவளும் இல்லை. பூக்காரி வசவு எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். இனிமேல் உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்றுகூட அவள் சொல்லிவிட்டாள். அப்போதும் ஜெய்தூன் பீவி சத்தியத்தை மீறவில்லை.

பொன்னழகால்தான் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, நிறுத்துங்க. நான் குடிக்கல. ஒரு மடக்குகூடக் குடிக்கல. அந்த வாசனையே ஆகல, வாழைக்கு ஊத்திட்டேன்."

மாயம்மாள் அழுகையை நிறுத்தினாள். மருமகளைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

"அப்ப நான் வச்ச ஓமக் கசாயம்?"

"அதுவும்."

"உளுந்தங்கஞ்சி? கோழி நெஞ்செலும்பு சூப்பு?"

"சூப்பு மட்டும் ரெண்டு மடக்குக் குடிச்சேன்."

மாயம்மாள் கீழே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் மறுபடி அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஜெய்தூன் பீவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு இது முன்னமே தெரியும்ல? தெரிஞ்சா அம்புட்டு வசவையும் வாங்கிட்டு உக்காந்திருந்த?"

ஜெய்தூன் பீவி சரிந்து கிடந்த பூவைப் பொறுக்கப் போனாள். அவளுக்குப் பதிலாகப் பொன்னழகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சரிடி, இனிமே எதைத்தான் குடிப்ப? அதையாவது சொல்லு" என்றாள் மாயம்மாள் மருமகளிடம்.

பொன்னழகு ஜெய்தூன் பீவியைக் கையால் காட்டினாள். "இந்தக்கா நல்ல பொடி போட்டுக் கொண்டாந்தா, அதைக் குடிக்கிறேன்."

"இம்புட்டு நடந்ததுக்குப் பெறகுமா? உனக்குத்தான் வாசனையே ஆகாதுன்னு சொன்னியே?"

"மூக்கைப் பொத்திக்கிட்டாவது குடிப்பேன் அத்தை. குடி குடின்னு சொல்ல வீட்டுக்கு வீடு ஆளிருக்கு. குடிச்சிராதேன்னு சொல்ல நோன்பு வயித்தோட ஓடியாந்தவுக இவுக ஒருத்தர்தான்."

மத்தியானத்திலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் ஜெய்தூன் பீவிக்கு வந்தது. துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மாயம்மாள் பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், சூரியன் மேற்கே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பொழுது சாய இன்னும் செத்த நேரந்தான் இருக்கு. நான் கஞ்சி காச்சுறேன். நோன்பைத் தொறந்துட்டுத்தான் நீ போகணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.