அம்மாவின் படையலுக்கு வந்த பழுப்புப் பட்டாம்பூச்சி

அக்காவைப் பழிவாங்க எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது அம்மாவின் முதலாண்டுப் படையலன்றுதான்.

அப்பா இறந்த பிறகு பக்கவாதத்தில் அம்மா படுத்திருந்த மூன்று வருடமும் குளிப்பாட்டியது, டயப்பர் மாற்றியது, ஊட்டிவிட்டது எல்லாம் நான். சிங்கப்பூரிலிருந்து அக்கா எப்போதாவது வருவாள், எல்லைப் பாலத்தில் ஜாம் ஆகிவிடும் என்று பாதிச் சாப்பாட்டில் கிளம்புவாள். ஆனால் சாவு வீட்டில் ஊரே பார்க்க விழுந்து அழுதது அவள்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கறுவல் எனக்குள் அப்படியே இருந்தது.

எங்கள் வீடு சிம்பாங் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிறது. படையல் போட்டு விளக்கேற்றும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி உள்ளே வந்து அக்காவின் தோளில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, அம்மா என்னத் தேடி வந்துட்டாங்க!" என்று அக்கா ஓவென்று அழுதாள். சித்தி கும்பிட்டார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டாம்பூச்சியை எனக்குத் தெரியாதா? சாயங்காலம் அம்மாவை வாசலில் உட்காரவைத்துவிட்டு நான் வேறு என்னத்தைப் பார்த்தேன்? புத்தகம் வாங்கி வைத்துப் பெயரே கண்டுபிடித்தேன்: ஈவினிங் பிரவுன். பகல் முழுக்க மரத்தடிச் சருகில் சருகாகக் கிடக்கும். மிதிக்கப் போனால் எழுந்து நாலடி தள்ளி மறுபடி விழும். பொழுது சாய்ந்தால்தான் பறக்கும், விளக்கைப் பார்த்து வீட்டுக்குள் வரும். பூவை அதிகம் தேடாது. அழுகிய பழம் என்றால் உயிர்.

"அலமாக், அது அம்மா இல்லக்கா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "கனிஞ்ச பலாப்பழம் உரிச்சேல்ல, அந்தச் சாறு ஒன் தோள்ல ஒட்டியிருக்கு. அதக் குடிக்க வந்திருக்கு. இந்நேரத்துக்குத் தெனமும் வரும். நீ இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அக்காவின் அழுகை நின்றது. சித்தி கும்பிட்ட கையை இறக்கினார். எனக்கு அவ்வளவு இனித்தது, இதற்காகவே இன்னும் மூன்று வருடம் காத்திருக்கலாம் போலிருந்தது.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "அப்பா தெனமும் சாயந்தரம் பட்டாம்பூச்சியா வந்து பாக்குறாருன்னு அம்மா போன்ல சொல்வாங்களே. அதுவும் பழத்துக்குத்தானா?"

பழத்துக்குத்தான். வைத்ததும் நான்தான். கறுத்துப்போன பீசாங் மாஸ் வாழைப்பழம் இரண்டை அம்மாவின் நாற்காலிக்கடியில் நசுக்கி வைப்பேன். அது வந்ததும் அம்மா சரியாக வராத வாயால் அப்பாவிடம் ஏதேதோ பேசுவார். அந்த ஒரு நேரம்தான் அழமாட்டார். அத்தனை பேர் முன்னால் அதைப் பொய்யென்று சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்ல," என்றேன். "அது அப்பாதான்."

"அப்ப இது அம்மாதான்," என்றாள் அக்கா.

மாமா தலையாட்டினார். அக்கா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், தோளில் அம்மாவோடு.

நான் அவளை மன்னிக்கவில்லை. படையலிலிருந்து நன்றாகக் கனிந்த பழம் ஒன்றை எடுத்து உரித்து, நசுக்கி, என் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.