அழித்த வட்டம்

என் அலமாரியில் ஒரு பழுப்பேறிய தாள் பூட்டிக் கிடக்கிறது. ஆண்களுக்கு முக்கோணம், பெண்களுக்கு வட்டம் என்று பென்சிலால் போட்ட, ஒரு குடும்பத்தின் உறவுப் படம். அதில் ஒரு வட்டம் அழிக்கப்பட்டிருக்கிறது.

வரைந்தவர் என் பேராசிரியை. திருமானூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். அரியலூரில் தாவரவியல் முடித்துவிட்டு, மனிதர்களைப் பற்றியும் ஒரு படிப்பு உண்டென்று கேள்விப்பட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறியவர். மானிடவியலில் முனைவர் பட்டம், விரிவுரையாளர் வேலை என்று ஏறி வந்தார். பட்ட ஆய்வுக்குத் தங்கிய ஆலத்தியூர்ப் பக்கத்துக் கிராமத்தை மட்டும் விடவில்லை. அதைப் புத்தகமாக்கும் சமயத்தில்தான் நான் அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன்.

வரைந்த படத்தை அந்தந்த வீட்டிலேயே காட்டிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் தாள் வேறு, பூட்டி வைக்கும் தாள் வேறு. ஒருவர் தனியாகச் சொன்னது அவர் வீட்டாருக்கே தெரியக்கூடாது. அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போன அன்று பையில் தாளை எடுத்து வைத்தவள் நான். மாற்றி எடுத்துவிட்டேன், மடச்சி!

கூடத்தில் விரித்ததும் வீட்டம்மாவின் விரல், தன் கணவரின் முக்கோணத்திலிருந்து தனியாக இறங்கிய கோட்டில் போய் நின்றது.

"இது யாருங்க? எங்க வூட்டுல இப்புடி ஒரு பொம்பளப்புள்ள இல்லையே?"

கட்டிலில் இருந்த கணவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பேராசிரியை குனிந்து பார்த்தார். "அடடா, என் தப்புங்க. வேற வூட்டுக் கோட்டை இதுல இழுத்துட்டேன்" என்று ரப்பரை எடுத்துத் தேய்த்தார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பஸ் நிறுத்தம்வரை வீட்டம்மா பின்னாலேயே வந்துவிட்டார். "நீங்க தப்பாப் போடலன்னு தெரியும்ங்க. எம்மனசுல ரொம்ப நாளா இருந்ததுதான். அந்தப் புள்ள நல்லா இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

பேராசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

என்னைத் திட்டுவார் என்று வழியெல்லாம் நடுங்கினேன். திட்டவில்லை. அந்தக் குடும்பம் வரும் அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார். புத்தகம் தாமதமானது, அதை நம்பியிருந்த பதவி உயர்வும் தள்ளிப்போனது. ஓய்வு பெறும்போது அலமாரிச் சாவியை என்னிடம் தந்தார், அந்தப் பெண் இருக்குமிடத்தையும் சொன்னார்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்து வெகுநாளாகிறது. வீட்டம்மா எதுவும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் பெரம்பலூரில் நர்சாக இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள்.

"டீ ஆறுதுங்க" என்றார்.

அதைச் சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அலமாரியைத் திறந்து தாளைத் தடவினேன். அழித்த இடத்தில் வட்டத்தின் பள்ளம் இன்னும் விரலில் படுகிறது.