என் ரொட்டியை எடை போட்டவர்

திருவட்டாற்றில் ஒரு தேநீர்க்கடையில் பன் பாக்கெட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கடைக்காரர் பாலை ஆற்றியபடியே, "சார், நம்ம ஞானதாஸ் போயிட்டாரு, கேட்டியளா. காலத்த குளிச்சிட்டு வந்து கட்டில்ல இருந்தவரு, பெறவு எந்திரிக்கல்ல" என்றார். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அன்று இன்னும் இருபத்திரண்டு கடைகள் மிச்சம் இருந்தன. எந்தச் செய்தி வந்தாலும் ரொட்டி வண்டிக்காரன் மீதிக் கடைகளுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். போனேன். போன கடைகளில் பாதிப் பேர் அதே செய்தியை எனக்குச் சொன்னார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஞானதாசிடம் வண்டி வாங்கியவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குழித்துறைக்கு அருகே ஒரு சுமை வண்டி விற்பனை நிலையத்தில் இருபது வருடங்களுக்கு மேல் விற்பனையாளராக இருந்தவர். மேற்கே தேங்காய்ப்பட்டணம் முதல் கிழக்கே குலசேகரம் மலைப்பாதை வரை ஓடும் சிறிய சுமை வண்டிகளில் கணிசமானவை அவர் கை வழியாக வந்தவை. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் அவருக்குக் கெடுதல் செய்தவன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இயற்பியலில் எம்.ஃபில். எனக்கு வரவேண்டிய கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. எப்படிப் போயிற்று என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதன் பிறகு என் சித்தப்பா மகனோடு சேர்ந்து குழித்துறையில் ஒரு பேக்கரியின் ரொட்டி விநியோகத்தை எடுத்தேன். பிரிந்தபோது அவன் ஊருக்குள் இருந்த கடைகளையெல்லாம் வைத்துக்கொண்டு மேட்டுக் கடைகளை எனக்குத் தள்ளினான். இவற்றை நான் மறக்கவில்லை. யாருக்கு என்ன புகார் எழுதினாலும் நகல் எடுத்து ஒரு கோப்பில் வைப்பது என் வழக்கம். அந்தக் கோப்பு தடிமனானது. ஊரில் எல்லோரும் என்னை 'சார்' என்பார்கள். ஒருநாளும் வகுப்பெடுக்காத எனக்கு அது ஏளனமாகவே கேட்கும். ஞானதாஸ் சொல்லும்போது மட்டும் அப்படிக் கேட்டதில்லை.

என் பழைய வண்டி அடிக்கடி படுத்துவிடத் தொடங்கிய சமயம், புது வண்டிக்காக அவரிடம் போனேன். சித்தப்பா மகன் அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் வைத்த பிக்கப் வாங்கி, என் வீட்டு வழியாக இரண்டு முறை தேவையில்லாமல் ஓட்டிப் போயிருந்தான். நான் இரண்டரை லிட்டர் வண்டி வேண்டும் என்றேன். வெறும் வாயால் சொல்லவில்லை. மேட்டின் சரிவு, சக்கரத்தின் ஆரம், முழுச் சுமையில் தேவைப்படும் இழுவிசை எல்லாம் கணக்கிட்டு நான்கு தாள்கள் கொண்டுபோயிருந்தேன்.

அவர் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். "கணக்கு சரியாட்டுதான் இருக்கும் சார். இந்த ஆயிரம் கிலோ எங்கேருந்து வந்து?" என்று கேட்டார். வண்டியின் குறிப்பேட்டில் இருப்பதுதான் என்றேன். "அது வண்டி சுமக்கது. நீங்க சுமக்கது எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதிகாலையில் பேக்கரி வாசலில் வந்து நின்றார். வண்டி விற்பதற்கு முன் வாங்குபவரோடு ஒருநாள் முழுக்கச் சுற்றுவது அவருடைய வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய வலது சட்டைப் பையில் புளியங்கொட்டைகள் இருந்தன. எஞ்சினை அணைத்து நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்றினார். முதல் கியர் போட வேண்டிவந்த மேடுகளுக்கு மட்டும் ஒவ்வொரு கொட்டையை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டார். புறப்பட்டதும் வண்டியை ரப்பர் கிடங்கு ஒன்றின் எடைமேடையில் ஏற்றச் சொன்னார். வண்டியின் எடை போக, ரொட்டி, பன், ரஸ்க், பிளாஸ்டிக் ட்ரேக்கள் எல்லாம் சேர்த்து நானூறு கிலோகூட வரவில்லை. இயற்பியல் படித்த நான், எட்டு வருடம் ரொட்டி சுமந்தும், ஒருநாள்கூட அதை நிறுத்துப் பார்த்ததில்லை.

"ரொட்டிக்கு இடந்தான் வேணும் சார், எடை கிடையாது. நீங்க காத்தைச் சுமந்துட்டு நடக்கியோ" என்று சிரித்தார்.

சுற்று முடிந்தபோது இடது பையில் நாற்பத்தொரு கொட்டைகள் இருந்தன. வாயிலிருந்து மூன்று. எல்லாவற்றையும் என் கையில் கொட்டி, "இதுதான் உங்க எஞ்சின் சைஸ்" என்றார். பிறகு விளக்கினார். நாற்பத்தொரு தடவை நின்று கிளம்பும் வண்டிக்குப் பெரிய டீசல் எஞ்சின் ஆகாது. புகைக்கரியைப் பிடித்துவைக்க அதில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்துபோகும். நின்று நின்று போனால் அடைத்துக்கொள்ளும். அதற்காக எழுநூறு சிசி குட்டி வண்டியும் ஆகாது. என் கடைகளில் ஒன்று மேட்டின் நடுவில் இருக்கிறது. சுமையோடு அங்கே நிறுத்தி எடுக்கும்போது அது தினமும் திணறி, கிளட்ச் தேய்ந்துவிடும். "நடுக் கயற்றத்துக் கடைதான் சார் கணக்கு. ஆயிரத்து இருநூறு சிசி பெட்ரோல் போதும். பொறத்தால பெட்டி மட்டும் ஒசரமாட்டு கெட்டுங்க."

எல்லோரையும் அவர் சின்ன எஞ்சினுக்குத் தள்ளினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேங்காய்ப்பட்டணத்தில் எல்லோரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் மீன் வியாபாரி ஒருவர் சின்ன வண்டி கேட்டு வந்தபோது, "மீனைச் சொன்னீங்க காக்கா, ஐஸை யாரு சுமப்பா?" என்று கேட்டுப் பெரியதை எடுக்க வைத்தார். அந்த வியாபாரியே இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் கேட்கவில்லை. மறுநாள் விற்பனை நிலையத்துக்குப் போய் இரண்டரை லிட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஞானதாஸ் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்: "சார், இந்த வண்டி ரொட்டிக்கா, உங்க சித்தப்பா மவனுக்கா?" தாழ்ந்த குரலானாலும் பக்கத்தில் இருந்தவர் காதில் விழுந்து, அவர் சிரித்துவிட்டார். பத்து நாள் கழித்து வாருங்கள், இன்றைக்கு உங்களுக்கு பில் போடமாட்டேன் என்றும் ஞானதாஸ் சொன்னார். புளியங்கொட்டைகளை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலையே மேலாளருக்கு இரண்டு பக்கப் புகார்க் கடிதம் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன். 'கல்வியறிவற்ற இவரைப் போன்றோர் வாடிக்கையாளர் முன் நிற்கவே தகுதியற்றவர்கள்' என்று அதில் ஒரு வரி உண்டு. வழக்கம்போல் நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். அந்த வாரமே வேறொரு விற்பனையாளர் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு இரண்டரை லிட்டர் வண்டியை விற்றார். ஞானதாசை நிலையத்தின் பின்பக்கம் பழைய வண்டிகளைப் பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

வண்டியை சித்தப்பா மகன் வீட்டு வழியாக ஒருமுறை ஓட்டினேன். அவன் வீட்டில் இல்லை.

அவர் சொன்ன அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு நான்காவது மாதத்தில் எரிந்தது. பணிமனையில் கழுவித் தந்தார்கள், மறுபடியும் எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, வண்டி நிறைய பிளம் கேக்குகளோடு திருவட்டாற்றைத் தாண்டியதும் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. நடந்து போகிறவர் என்னை முந்தினார். மேட்டுக் கடைகள் அந்த ஒருநாளை நம்பித்தான் வருடம் முழுக்க என்னிடம் ரொட்டி வாங்கின. அன்று கேக் போய்ச் சேராவிட்டால் மறுநாளே சித்தப்பா மகனைக் கூப்பிடுவார்கள். அவனும் அதற்காகவே காத்திருந்தான். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. பணிமனையில் யாரும் போனை எடுக்கவில்லை.

சாலையோரம் நின்றிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பழைய ஆயிரத்து இருநூறு சிசி வண்டி வந்து நின்றது. ஞானதாஸ் இறங்கினார். அவ்வழியே போன யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பழைய வண்டிகளின் சாவிகள் அவரிடம்தானே இருந்தன. "ட்ரேயைப் பிடிங்க சார்" என்றார். இருவரும் சுமையை மாற்றினோம். பாதி கேக்குகள்தான் ஒரு தடவையில் ஏறின. இரண்டு நடை போனோம். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலைகள் கிடந்தன. மனைவி இரண்டு முறை போனில் அழைத்தார். "வந்திட்டேன் வந்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மேட்டைப் பார்த்து ஓட்டினார்.

நடு மேட்டுக் கடையில் நிறுத்தி, சாவியை என்னிடம் தந்தார். "நீங்க எடுங்க." நான் கைப்பிரேக்கை விடுவித்து எடுத்தேன். வண்டி முனகாமல் மேலே போயிற்று.

"கயறிச்சா?" என்றார்.

"கயறிச்சு" என்றேன்.

அவ்வளவுதான். 'நான் அப்போதே சொன்னேனே' என்ற வாக்கியத்துக்காக அன்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அது வரவில்லை. ஜனவரியில், தினமும் மதுரைக்கு வாழைக்குலை ஏற்றிப் போகும் ஒருவரை அவரே கண்டுபிடித்து, என் டீசல் வண்டியை அவருக்கு மாற்றிவிட்டு, அந்தப் பழைய ஆயிரத்து இருநூறை எனக்கு எடுத்துத் தந்தார். வாழைக்குலைக்காரர் கையில் அந்த வடிகட்டி விளக்கு ஒருமுறைகூட எரியவில்லையாம். "எஞ்சின்ல குத்தம் ஒண்ணும் இல்ல சார். அது வேலை கிட்டாம இருந்து" என்றார். அந்தச் சொல்லை நான் என்னைப் பற்றியும் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை ஒரு கடைகூட என்னை விட்டுப் போகவில்லை. என் வீட்டில் அடுப்பெரிவது அந்த வண்டியால்.

அதன் பிறகு நாங்கள் வாரம் ஒருமுறையாவது சேர்ந்து தேநீர் குடித்தோம். கடிதத்தைப் பற்றி நான் பேசவில்லை. மேலாளர் எழுதியவரின் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார், ஞானதாசுக்குத் தெரியாது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

அடக்கம் புதுக்கடைக்கு அருகே அவருடைய ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. அந்தப் பழைய மேலாளர், மலையாளி, கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் பராதி லெட்டர் எழுதினது சார்தானே?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

"எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாயிக்கத் தெரியாது. தமிழ்ல எந்த லெட்டர் வந்தாலும் ஞானதாஸ்தான் வாயிச்சுத் தருவார். அதையும் பிரிக்காம அவர் கையிலதான் குடுத்தேன்" என்றார் மேலாளர். "நின்னுட்டே வாயிச்சார். ஒரு வரி விடல்ல. நடுவுல 'கல்வியறிவற்ற'ன்னு ஒரு வார்த்தை. எனக்கு மனசிலாகல்ல. அப்படின்னா என்னன்னு கேட்டேன். 'படிப்பில்லாத ஆளுன்னு அர்த்தம் சார். என்னைத்தான்'னு சொன்னார்."

அவர் எதை வேண்டுமானாலும் மாற்றி வாசித்திருக்கலாம். அந்த அறையில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. வாசித்து முடித்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். மேலாளர் குழியின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "'நல்ல எழுத்து சார். ஆனா அந்த வண்டி இவருக்குக் கொள்ளாது. நான் சொன்னா கேக்கமாட்டாரு, வேற ஆளை விட்டாவது சொல்லச் சொல்லுங்க'ன்னார். நான்தான் கேக்கல்ல. வண்டி விக்கணுமே."

அப்படியானால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நாளில் என்னோடு ட்ரே பிடித்து, என்னைப் பக்கத்தில் வைத்து வண்டி ஓட்டியவருக்கு எல்லா வரிகளும் தெரிந்திருந்தன.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். கல்லூரி விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. சித்தப்பா மகனோடு பேச்சு இல்லை. ஆனால் கோப்பில் புதிதாக ஒரு தாளைச் சேர்ப்பதற்கு முன், இது ரொட்டிக்கா, அவனுக்கா என்று ஒரு குரல் கேட்கிறது. சில தாள்கள் எழுதப்படாமலேயே போகின்றன. அந்தக் குரலுக்கு நன்றி சொல்ல நேரம் இருந்தபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று, கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்தேன். அவரைப் போலவே நின்றுகொண்டு சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அவர் கடைசி வரை வாசித்து, கையெழுத்துப் போட்டவனின் வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டார். நகலைக் கிழிக்கவில்லை. ஞானதாஸ் வாய்விட்டு வாசித்த என் எழுத்து உலகத்தில் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொள்கிறேன்.