ரெஜினா மேடமும் தென்கிழக்கு வானமும்

கிராம சபைக் கூட்டத்தில் அன்று ரெஜினா மேடம் ஏன் அப்படிப் பேசினார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் இருந்தபோதும் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. அவரைப் பற்றி எழுதும்போது இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

செய்தி வந்தபோது தாம்பரத்தில் கல்லூரிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டிருந்த நவம்பர்க் காலை. மின்னியல் ஆய்வக உதவியாளர் தனசேகர் அழைத்தார். “மேடம், நம்ம ரெஜினா மேடம் தவறிட்டாங்க” என்றார். நெஞ்சுவலி என்று சொல்லியிருக்கிறார்; காஞ்சிபுரம் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சரி என்று சொல்லி வைத்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஒரு பதில் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்ற கோபம்.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் மின்பொறியியல் படித்தவர்கள். வகுப்பறைக்கு வெளியே கேட்கும் அந்தச் சிரிப்பையும், தேர்வில் கோட்டைவிட்டவனை “வாடா எடிசன்” என்று கூப்பிடுவதையும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் 2006இல் இயற்பியல் துறையில் சேர்ந்தேன். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், மின்னியல் துறைத்தலைவர். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கிராமம்தான் அவருடைய சொந்த ஊர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

சேர்ந்த முதல் ஆண்டில், ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “நீ பிசிக்ஸ்தானேம்மா? பாஸ்கா பூசைக்கு எங்க ஏரி மேல ஒரு சிலுவை எழும்பும். அது இன்னான்னு வந்து பாத்துச் சொல்லு” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்க் கதைகளில் சிலுவையும் சூலமும் எங்கே வேண்டுமானாலும் தோன்றும். இருந்தாலும் போனேன்.

ஈஸ்டருக்கு முந்திய இரவின் பூசையை அவர்கள் இருட்டில் தொடங்குவார்கள். மாதா கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். ஃபாதருக்குப் பக்கத்துக் கிராமத்திலும் பூசை இருந்ததால் இங்கே இருட்டியதுமே ஆரம்பித்துவிடுவார். கோயில் மட்டும் இருட்டாக இருந்து தெரு வெளிச்சமாக இருந்தால் என்ன அர்த்தம் என்று ரெஜினா பேசிப் பேசி, அந்த அரைமணி நேரம் தெருவிளக்குகளையும் அணைக்கவைத்திருந்தார். அன்று கோயில் வாசலிலிருந்து பார்த்தேன். தென்கிழக்கே, ஏரிக்கு மேல், மிகத் தாழ்வாக, கொஞ்சம் சாய்ந்தாற்போல் நான்கு விண்மீன்கள். தென்சிலுவை. ஏப்ரல் மாதத்தில் அந்த நேரத்துக்கு அங்கேதான் அது இருக்கவேண்டும். அற்புதம் ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். “அற்புதம்னு நான் சொன்னேனா? இருக்கான்னு தெரியணும், அவ்ளோதான்” என்றார்.

ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருவது. அதனால் சில ஆண்டுகள் பூசை தொடங்கும்போதே நிலா எழுந்து நிற்கும். “இருட்டுக்கு நாள் குறிச்ச திருச்சபை, நிலாவுக்கும் பத்திரிகை வச்சிருச்சு பாரு” என்று என் காதில் முணுமுணுப்பார். பக்கத்தில் இருக்கும் அவர் தம்பி மனைவி முறைப்பார்.

அப்படித்தான் தொடங்கியது. மாணவர்களும், அந்த ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்த தொழிற்சாலைப் பிள்ளைகளும் வாரம் ஒருநாள் ஏரிக்கரைக்கு வருவார்கள். கல்லூரித் தொலைநோக்கியை நான் எடுத்துவருவேன். வடகிழக்கு வானத்தை ஒரகடம் தொழிற்பேட்டை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் விடிந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும். எங்களுக்கு மிஞ்சியது ஏரிப்பக்கம். தொடுவானத்துக்கு அருகில் இருப்பதைத்தான் வெளிச்சம் முதலில் அழிக்கும். தென்சிலுவை இருப்பது அங்கேதான்.

சில ஆண்டுகள் கழித்து எதிர்க்கரையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை வந்தது. அதன் சுற்றுச்சுவர் விளக்குகள் எல்லாம் நிமிர்ந்து நின்று எரிந்தன. நான் முறைப்படி மனு எழுதலாம் என்றேன். ரெஜினா நேராக உள்ளே போய்விட்டார்; நானும் பின்னால் போனேன். நிர்வாக அதிகாரி பாதுகாப்பு பற்றி நீளமாகப் பேசினார். ரெஜினா முழுவதையும் கேட்டார். “சார், உங்க லைட்ல பாதி வானத்துக்குப் போவுது. அங்கேர்ந்து எவனும் சுவரேறிக் குதிச்சு வரமாட்டான்” என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே தகட்டு மறைப்பு போட்டார்கள். இந்த மறைப்புக்கு ரெஜினா வைத்த பெயர் ‘தொப்பி’. அதற்குப் பிறகு எந்தத் தெருவிளக்கைப் பார்த்தாலும், “தொப்பி இல்லாம வெயில்ல நிக்குது பாவம்” என்பார். ஊரில் அவருக்கு ‘இருட்டு டீச்சர்’ என்று பெயர் வந்தது. அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உண்மையானது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் வேலை. இன்னும் சில பெண்களோடு அந்த ஊரில் அறையெடுத்திருந்தாள். ஒருநாள் இரவு ஓவர்டைம் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கி நடந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். முழங்கையில் எலும்பு விரிசல். நிறுத்தத்திலிருந்து அறைகளுக்குப் போகும் பாதை புளியமரங்களுக்குள் புகுந்து வளைந்து போவது. அங்கே விளக்கே கிடையாது. வெளிச்சம் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். அதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. எனக்கும் இல்லை.

பஞ்சாயத்து உயர்கோபுர விளக்கு போடுவதாகச் சொன்னது. ஊரில் அதை ஹைமாஸ் லைட் என்பார்கள். நிறுத்தத்தில் வானளாவ ஒரு கம்பம், உச்சியில் வட்டமாக விளக்குகள். அது வந்தால் தென்கிழக்கு வானம் போய்விடும். அதைவிட முக்கியமாக, மரங்களுக்குள் போகும் பாதைக்கு அந்த வெளிச்சம் எட்டாது. பளீரென்ற இடத்திலிருந்து மரத்தடிக்குள் நுழைகிறவருக்குக் கண் இருட்டிவிடும். இதை எனக்குப் படம் போட்டு விளக்கியவரே ரெஜினாதான். பாதை நெடுக ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, தொப்பி போட்ட சிறு விளக்குகள் வைக்கலாம் என்ற திட்டமும் அவருடையது.

முதலில் ஒன்றைச் செய்து பார்த்தோம். எண்ணெய் டின்னை வெட்டித் தொப்பியாக்கி, அவர் வீட்டு வாசலில் மூங்கில் கம்பு நட்டுக் கட்டினோம். வீடு பாதையின் வளைவில், மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெண்களை அழைத்து நடந்துபார்க்கச் சொன்னோம். முத்துச்செல்வி கட்டுப்போட்ட கையோடு இரண்டுமுறை போய்வந்தாள். “இது போதும் டீச்சர். எதிர்ல வாரது யாருன்னு மூஞ்சி தெரியுதுல்லா” என்றாள். ரெஜினா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கிராம சபையில் அவர் பேசுவதாக முடிவாயிற்று. நான் வெளியூர்க்காரி; பின்னால் உட்காருவது என்று ஏற்பாடு. முந்தின நாள் தேநீர் வேளையில் இன்னொரு டின் தொப்பியை மேசைமேல் வைத்து, “கூட்டத்துல காட்டணும். இன்னா கலர் அடிக்கலாம்?” என்று கேட்டார். பச்சை என்றேன். சாயங்காலமே அடித்து எடுத்துவந்து, காயட்டும் என்று என் அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் யாரோ, “இருட்டு டீச்சர் எழுந்துட்டாங்க, டார்ச் எடுங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா சிரிக்கவில்லை. “ஹைமாஸே போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நல்ல விஷயம்தான்” என்றார். உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தொப்பியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “நீ பஸ் ஏறி தாம்பரம் போயிடுவ வசந்தி. நான் இங்கயே இருக்கணும்.”

இது பதில் என்று பலர் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. அந்த ஊரில் இருக்க வேண்டியவர் என்பது முந்தின நாளும் உண்மைதானே. கூட்டத்துக்கு முந்தின இரவு பஞ்சாயத்துத் தலைவர் அவர் வீட்டுக்கு வந்துபோனார் என்கிறார்கள். தம்பி சத்தம் போட்டார் என்றும் கேள்விப்பட்டேன். கேலி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதோ என்னவோ. இன்னொரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் பழி தன் தலையில் விழும் என்று பயந்திருந்தால், அதை என்னால் குறைசொல்ல முடியாது. ஆனால் எதுவாயிருந்தாலும் கூட்டத்துக்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கலர் கேட்டாரே.

கம்பம் வந்தது. திறப்பு விழாவில் பொத்தானை அழுத்த அவரைத்தான் அழைத்தார்கள். அழுத்தினார். நான் போகவில்லை, செல்பேசியில் படம் வந்தது. அதற்குப் பிறகு ஏரிக்கரையில் இரண்டு முறை கூடினோம். நிலாவைத் தவிர வேறெதையும் காட்ட முடியவில்லை. பிள்ளைகள் வருவது நின்றது. நாங்கள் ஆசிரியர் அறையில் தேர்வுப் பணி, வருகைப்பதிவு என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஈஸ்டருக்கு வழக்கம்போல விளக்குகளை அணைத்தார்களாம், கோபுர விளக்கையும் சேர்த்து. நான் போகவில்லை. சிலுவை தெரிந்ததா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடக்கம் பிற்பகலில் நடந்தது. நிறுத்தத்தில் கோபுர விளக்கின் கம்பத்திலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ரெஜினா சிரிக்கும் படம். மேலே ‘விண்மீன்களின் தோழி’ என்று எழுதியிருந்தது. ‘இருட்டு டீச்சர்’ என்று கேலி செய்தவர்கள்தான் கட்டியவர்கள். கல்லறையில் மண் போட்டு முடித்ததும் ஃபாதர் ஒன்று அறிவித்தார். வானத்தை நேசித்தவர் அவர். அதனால் நாளை மாலை, பாஸ்காவுக்குச் செய்வதுபோல, அரைமணி நேரம் அந்தப் பெரிய விளக்கை அணைத்து அவரை நினைப்போம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த விளக்கைப் போட்டவர் அவர்தான் என்பது யார் நினைவிலும் இல்லை, அல்லது அன்று யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பச்சைத் தொப்பி மட்டும். சமையலறையில் கவிழ்த்த வாக்கில் வைக்காமல் நிமிர்த்தி வைத்து வெங்காயம் போட்டிருக்கிறேன். நல்ல வேலைப்பாடு, ஓரம் கையைக் கிழிக்காதபடி மடித்துத் தட்டியிருக்கிறார். தூக்கிப்போட மனம் வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன்.

அடக்கத்துக்கு மறுநாள் நடந்தது இது. மாலை வகுப்பு முடிந்து நிறுத்தத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கோபுர விளக்கு எரியவில்லை. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இருக்கலாம், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் முழுக்க மேகம். ஒரு விண்மீன்கூடக் கிடையாது. கம்பெனிப் பேருந்து வந்து பெண்கள் இறங்கினார்கள். முத்துச்செல்வியும் இருந்தாள். ஏன் லைட் இல்லை என்று கேட்டாள்.

“ரெஜினா டீச்சர் நெனப்பா ஆஃப் பண்ணிக்கீறோம்மா. அவங்களுக்கு இருட்டுதான் புடிக்கும்” என்றார் ஆபரேட்டர்.

“நல்லாருக்கே. போட்டவிய செத்ததுக்கு, அவிய போட்ட லைட்டையே அணைச்சிட்டியளா?” என்றாள் அவள்.

பெண்கள் செல்பேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு புளியமரங்களுக்குள் நடந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். மரங்களுக்கு அந்தப் பக்கம், பாதையின் வளைவில், தாழ்வாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரெஜினா வீட்டு வாசல். மூங்கில் கம்பை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட்டிருந்தார். டின் தொப்பி அதேதான். தம்பி மனைவி வழக்கம்போல் போட்டிருக்க வேண்டும். பெண்கள் அதன் கீழே வந்ததும் ஒவ்வொருவராகச் செல்பேசியை அணைத்தார்கள். வளைவில் அவர்கள் திரும்பியபோது, நான் நின்ற இடத்திலிருந்தே முத்துச்செல்வியின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவளின் முகமும் தெரிந்தது.

அரைமணி முடிந்ததும் ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டார். அதற்கப்புறம் அந்தப் பளீர் வெளிச்சத்தில் வாசல் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. தாம்பரம் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.