தத்தாத குருவி

காலை ஆறு இருபது. சின்னமனூருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் காட்டில் டிராக்டர் பாதி உழவில் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர், இருக்கையின் மேல் ஏறி நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, வெளுத்த காக்கிச் சட்டை, இரைச்சலுக்காக இரண்டு காதிலும் பஞ்சு. கலப்பைக்கு முன்னால் பறவை எழுந்தால் வண்டியை நிறுத்திவிடுவது அவர் வழக்கமாம். அன்றும் ஒரு குருவி எழுந்து சற்றுத் தள்ளி இறங்கியிருந்தது.

நிலத்துக்காரம்மா வரப்பிலிருந்து கத்தினார். “ஈரம் காயுதுப்பா! சிட்டுக்குருவிக்கெல்லாமா வண்டிய நிப்பாட்டுவாக?”

வேடிக்கை பார்க்க நின்ற எனக்கும் அது பெண் சிட்டுக்குருவியாகத்தான் தெரிந்தது.

ஓட்டுநர் ஒரு காதின் பஞ்சை எடுத்தார். “சிட்டுன்னா தத்தும் ஆத்தா. இது நடக்குது பாருங்க. வானம்பாடிச் சாதி. தரையிலதான் முட்டை வைக்கும்.”

“எங்க, முட்டையக் காட்டு. இல்லேன்னா உழுதுரு.”

அவர் உடனே இறங்கவில்லை. பறவை பத்தடி நடந்து ஒரு மண்கட்டியை ஒட்டி உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு போய்க் காட்டினார். இரண்டு முட்டைகள்.

நிலத்துக்காரம்மா குனிந்து பார்த்தார். “சரி, ஒரு கட்டில் அகலம் விட்டுட்டு உழு. அதுக்கு மேல ஒரு சாண் கெடையாது.”

அவர் பஞ்சைத் திரும்பச் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். சோளம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. உழாத திட்டின் ஓரத்தில் இரண்டு குஞ்சுகள் நடந்துகொண்டிருந்தன.